கணக்கை மூடிவிட்டார்கள், காசு கொடுத்து வாங்கிய பொருள் என்ன ஆகும்?

வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்துக்கு, நுகர்வோர் வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். அவருடைய பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் நீக்கியிருக்கிறேன்.

கடிதத்தின் சுருக்கம் இது. ஒரு பெரிய ஆன்லைன் விற்பனை நிறுவனத்தில் அவருக்கு ஒன்பது வருடமாகக் கணக்கு இருந்தது. அந்த நிறுவனத்தின் சொந்தத் தயாரிப்புகளான இரண்டு ஸ்மார்ட் ஸ்பீக்கர், வாசலில் மாட்டும் ஒரு டோர்பெல் கேமரா, ஒரு இ-ரீடர் எல்லாவற்றையும் அங்கேயே வாங்கினார். இ-ரீடரில் விலை கொடுத்து வாங்கிய 140 புத்தகங்கள். அதைப் படிப்பவர் அவருடைய அம்மா. பார்வை மங்கியவர் என்பதால் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார். ஒரு பக்கத்தில் ஏழெட்டு வரிதான் தெரியும். பிடித்த வரிகளை விரலால் இழுத்துக் கோடிட்டு வைப்பார். மாத்திரை நேரத்தை அம்மாவுக்கு ஞாபகப்படுத்துவது ஸ்பீக்கரின் வேலை.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு மின்னஞ்சல் வந்தது. விதிமுறைகளை மீறியதால் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது, முடிவு இறுதியானது. எந்த விதி, எப்போது மீறப்பட்டது என்று ஒரு வார்த்தை இல்லை. அன்று மாலையே ஸ்பீக்கர்கள் ஊமையாகிவிட்டன. கேமரா ஆப் உள்ளே விடவில்லை. இ-ரீடரில் ஏற்கெனவே இறக்கி வைத்த 30 புத்தகங்கள் மட்டும் திறக்கின்றன. காரணம் இதுவாக இருக்கலாம் என்று அவர் நினைப்பது: கடந்த ஒரு வருடத்தில் பதினெட்டு பொருட்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதில் ஒன்றுக்குப் பணம் வராததால் வங்கியில் புகார் கொடுத்து, கார்டில் போன பணத்தைத் திரும்பப் பெற்றிருக்கிறார்.

அவர் கேட்பது நான்கு. இது திருட்டு இல்லையா, போலீஸில் புகார் கொடுக்கலாமா? தம்பி பெயரில் புதுக் கணக்கு தொடங்கிவிடலாமா? இதுவரை வாங்கிய சாதனங்கள் அத்தனைக்கும் வங்கியில் சொல்லிப் பணத்தைத் திரும்ப வாங்கலாமா? அல்லது நேராக வழக்குத்தானா?

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அம்மாவின் இ-ரீடரில் வைஃபையை அணைத்து, ஏர்பிளேன் மோடில் போடுங்கள். அது அடுத்த முறை நிறுவனத்தின் சர்வரோடு பேசும்போது, கணக்கு இல்லை என்று தெரிந்து மீதி 30 புத்தகங்களையும் அழித்துவிட வாய்ப்பு உண்டு. சில இ-ரீடர்களில் கோடிட்ட வரிகள் ஒரு தனி டெக்ஸ்ட் கோப்பாக உள்ளேயே சேமிக்கப்படுகின்றன. யுஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்துத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் நகல் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். கிடைக்கவில்லை என்றால், அம்மா கோடிட்ட பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து போனில் படம் எடுங்கள். சிரமமான வேலைதான். ஆனால் நாளைக்கு வழக்கில் ஜெயித்தாலும் திரும்பி வராதது அந்தக் கோடுகள்தான்.

இரண்டாவது, எந்தச் சாதனத்தையும் ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள். என்னிடம் வந்த ஒருவர் கோபத்தில் வீட்டிலிருந்த எல்லாவற்றையும் ரீசெட் செய்துவிட்டார். திரும்ப ஆன் செய்தபோது, இந்தச் சாதனம் வேறொரு கணக்கில் பதிவாகியுள்ளது என்ற ஒரே வரியில் எல்லாம் நின்றுவிட்டன. அந்த வேறொரு கணக்கு, மூடப்பட்ட அவருடைய கணக்கேதான். ரீசெட் செய்வதால் பொருள் அந்தக் கணக்கை விட்டு விடுபடும் என்று நிச்சயமில்லை. பல சாதனங்களில் அந்தப் பதிவு நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது.

உங்கள் கடிதம் முழுக்க "கணக்கு போனதால் பொருளும் போயிற்று" என்றே எழுதியிருக்கிறீர்கள். நான் மாற்றச் சொல்வது அந்த எண்ணத்தைத்தான். கணக்கு வேறு, பொருள் வேறு. இரண்டையும் சேர்த்துக் கட்டியது நிறுவனம். நீங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் அந்தக் கட்டை அவிழ்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கணக்கைத் திரும்பக் கேட்டால் உங்கள் கை தாழ்ந்திருக்கும், ஏனென்றால் யாரோடு வியாபாரம் செய்வது என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தைச் சட்டம் பெரும்பாலும் கடைக்காரருக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் "இனிமேல் உனக்கு விற்கமாட்டேன்" என்று சொல்லும் உரிமை, "ஏற்கெனவே விற்றதை உபயோகமில்லாமல் ஆக்குவேன்" என்பதையும் சேர்த்துத் தந்துவிடாது. அங்கே உங்கள் கைதான் ஓங்கி இருக்கும்.

வாங்கியது எது, வாடகை போன்றது எது

திருட்டு என்ற வார்த்தையில் உள்ள வேதனை புரிகிறது. ஆனாலும் போலீஸ் நிலையத்துக்குப் போக வேண்டாம். பொருள் உங்கள் வீட்டில், உங்கள் கையில் இருக்கிறது. யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. இதை ஒப்பந்தத் தகராறு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாட்கள்தான் வீணாகும்.

ஸ்பீக்கர், கேமரா, இ-ரீடர் ஆகிய மூன்றின் உடலும் உங்கள் சொத்து. அவற்றை இயக்கும் சர்வர் சேவை உங்கள் சொத்து அல்ல. கணக்கு இருக்கும் வரை தரப்படும் ஒரு வசதி. மின்புத்தகங்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. "வாங்கு" என்று எழுதிய பொத்தானை அழுத்தித்தான் பணம் கட்டினீர்கள். ஆனால் விதிமுறைகளைப் படித்தால், படிக்கும் உரிமம் மட்டும் கொடுத்ததாக இருக்கும். இப்படி எழுதுவது வாங்குபவரை ஏமாற்றுவது என்று நினைப்பவர் நீங்கள் மட்டுமல்ல. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. உரிமம் மட்டும் தருகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் பொருளுக்கு "வாங்கு" என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது.

இதற்கு நேர் எதிரான ஒரு தவறான எண்ணமும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. "எல்லாவற்றுக்கும் ஓகே கொடுத்துவிட்டேன், எனக்கு என்ன உரிமை இருக்கும்" என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. ஓகே கொடுத்த எல்லா நிபந்தனையும் சட்டத்தின் முன் நிற்காது. பல நாடுகளில் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளை நுகர்வோர் சட்டமே தள்ளிவைக்கிறது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நியாயமான காரணமில்லாமல் ஒரு தரப்பு தன்னிச்சையாக ஒப்பந்தத்தை முறிக்க இடம் தரும் நிபந்தனையை நியாயமற்ற ஒப்பந்தத்துக்கு ஓர் உதாரணமாகவே குறிப்பிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள பொருள் விற்பனை விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. டிஜிட்டல் சேவை இல்லாமல் தன் வேலையைச் செய்ய முடியாத பொருளை விற்றால், அந்தச் சேவையும் விற்பனையின் ஒரு பகுதி. அது சரியாகக் கிடைப்பதற்கு விற்றவர் பொறுப்பு. நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அதனால் உங்களுக்கு எது பொருந்தும் என்பதை உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவரிடம் "நியாயமற்ற நிபந்தனை", "டிஜிட்டல் சேவையோடு விற்ற பொருள்" என்ற இரண்டையும் சொன்னால் போதும், எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியும்.

இது உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல

2020 அக்டோபரில் ஃபேஸ்புக் நிறுவனம், கண்ணில் மாட்டிக்கொண்டு மெய்நிகர் விளையாட்டு ஆடும் தன் ஆக்குலஸ் ஹெட்செட்டைப் புதிதாகப் பயன்படுத்துபவர்கள் ஃபேஸ்புக் கணக்கு வழியாகத்தான் நுழைய வேண்டும் என்று மாற்றியது. ஃபேஸ்புக் கணக்கு முடக்கப்பட்டவர்கள், காசு கொடுத்து வாங்கிய ஹெட்செட்டைப் பயன்படுத்த வழியில்லாமல் தவித்தார்கள். அந்த டிசம்பரில் ஜெர்மனியின் வணிகப் போட்டி ஒழுங்குமுறை அலுவலகம் இதைப் பற்றி விசாரணை தொடங்கியது. 2022 ஆகஸ்டில் நிறுவனம் ஃபேஸ்புக்கோடு சம்பந்தமில்லாத தனிக் கணக்கைக் கொண்டுவந்தது. நீங்கள் கேட்க வேண்டியதும் இதே பிரிவினைதான். "அது தொழில்நுட்ப ரீதியாக முடியாது" என்று கஸ்டமர் கேரில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முறையிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்கிறீர்கள். 2016 நவம்பரில், கூகுளின் பிக்ஸல் போன்களை வாங்கி மறுவிற்பனையாளர் ஒருவருக்கு அனுப்பினார்கள் என்பதற்காகப் பலருடைய கூகுள் கணக்குகள் முடக்கப்பட்டன. மெயில், போட்டோ எல்லாமே பூட்டிக்கொண்டன. மறுவிற்பனைக்காக வாங்கக் கூடாது என்ற விதி இருப்பதே தெரியாது என்று விளக்கி முறையிட்டவர்களின் கணக்குகள் பிறகு திறந்துவிடப்பட்டன. "இறுதி முடிவு" என்று எழுதியிருப்பதாலேயே அது இறுதி ஆகிவிடாது.

அம்மாவின் கோடுகளுக்கும் மதிப்பு உண்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். உண்டு. 2009 ஜூலையில் அமேசான், உரிமை இல்லாமல் விற்கப்பட்ட இரண்டு நாவல்களை வாசகர்களின் கிண்டில் இ-ரீடர்களிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. பணம் திரும்பி வந்தது. ஆனால் பள்ளிப் பாடத்துக்காக எடுத்து வைத்திருந்த குறிப்புகள் புத்தகத்தை இழந்து பயனற்றுப் போயின என்று ஒரு மாணவர் வழக்குப் போட்டார். நிறுவனத்தின் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்புத்தகக் கடையை மூடியபோது புத்தகங்களின் முழு விலையையும் திருப்பிக் கொடுத்தது. அதற்கு மேல், புத்தகங்களில் குறிப்பெழுதி வைத்திருந்தவர்களுக்குத் தலா 25 டாலர் கொடுத்தது. 25 டாலர் பெரிய தொகை இல்லை. ஆனால் வாசகர் எழுதிய குறிப்புக்கும் மதிப்பு உண்டு என்று ஒரு நிறுவனமே காசு கொடுத்துக் காட்டியது, அதை உங்கள் கடிதத்தில் குறிப்பிடலாம்.

வங்கி வழி, தம்பி வழி

இந்த இரண்டைப் பற்றியும் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

எல்லாச் சாதனங்களுக்கும் கார்டு பணத்தைத் திரும்பக் கேட்பது வேண்டாம். கார்டு தகராறுகளுக்குக் காலக்கெடு உண்டு, பெரும்பாலும் 120 நாள். மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய ஸ்பீக்கருக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. அதைவிட முக்கியம், விற்பனை நிறுவனங்கள் கார்டு தகராறை மோசடியின் அறிகுறியாகவே பார்க்கின்றன. உங்கள் கணக்கு மூடப்பட்டதற்குப் பதினெட்டு ரிட்டர்னைவிட அந்த ஒரு தகராறே காரணமாக இருந்திருக்கலாம். நீங்கள் செய்தது தப்பு என்று சொல்லவில்லை. பணம் வரவில்லை, கேட்டீர்கள், நியாயமானது. ஆனால் பொருளைத் திருப்பி அனுப்பிய கூரியர் ரசீது, நிறுவனம் பெற்றுக்கொண்டதற்கான தகவல், பணம் கேட்டு நீங்கள் எழுதிய மின்னஞ்சல்கள் மூன்றையும் வரிசையாக வைத்து இப்போதே விளக்கிவிடுங்கள். அந்த ஒரு சந்தேகம் தீர்ந்தாலே பாதி வேலை முடியும். அந்தப் பணம் பிறகு நிறுவனத்திடமிருந்தும் தனியாக வந்து சேர்ந்ததா என்று வங்கிக் கணக்கைப் பாருங்கள். இரண்டு முறை வந்திருந்தால், நீங்களாகவே அதைச் சொல்லித் திருப்பிக் கட்டிவிடுங்கள்.

தம்பி பெயரில் கணக்கு தொடங்கி நீங்கள் பயன்படுத்துவதும் வேண்டாம். முகவரி, கார்டு, போன் நம்பர், வீட்டு இணைய இணைப்பு, சாதனத்தின் சீரியல் நம்பர் என்று எத்தனையோ வழியில் பழைய கணக்கோடு பொருத்திப் பார்ப்பார்கள். பொருந்தினால் தம்பியின் கணக்கும் போகும், முறையிடும்போது உங்கள் வார்த்தைக்கும் மதிப்பு குறையும். ஆனால் இதையே அனுமதி கேட்டுச் செய்யலாம். "சாதனங்களை என் கணக்கிலிருந்து விடுவியுங்கள், என் தம்பி தன் சொந்தக் கணக்கில் பதிவு செய்துகொள்ள அனுமதி தாருங்கள்" என்று எழுதிக் கேளுங்கள். சரி என்று எழுத்தில் வந்துவிட்டால் அம்மாவின் ஸ்பீக்கர் மறுநாளே பேசும்.

எழுத வேண்டிய கடிதம்

முதலில் ஒன்றைச் சோதியுங்கள். சில நிறுவனங்கள் புது ஆர்டர் போடுவதை மட்டும் தடுத்துவிட்டு, வாங்கிய புத்தகங்களைப் படிக்க விடுகின்றன. ஆப் உள்ளே விடாவிட்டாலும், பிரவுசர் வழியாக நுழைய முடிகிறதா பாருங்கள். நுழைய முடிந்தால், ஆர்டர் பட்டியல், பதிவான சாதனங்களின் பட்டியல், கேமரா பதிவுகள் எல்லாவற்றையும் அன்றே எடுத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் மின்னஞ்சலில் உள்ள பில்கள், வங்கி அறிக்கை, பெட்டியின் அடியில் உள்ள சீரியல் நம்பரின் போட்டோ, சாதனத்தின் திரையில் வரும் எரர் செய்தியின் போட்டோ போதும்.

பிறகு கடிதம். கஸ்டமர் கேர் சாட்டில் மணிக்கணக்காகப் பேசாதீர்கள்; அங்கே இருப்பவருக்குக் கணக்கைத் திறக்கும் அதிகாரமே இருக்காது. முறையீட்டுக்கென்று கொடுத்த மின்னஞ்சலுக்கும், நிறுவனத்தின் பதிவு அலுவலகத்துக்கு ஒப்புகைச் சீட்டோடு தபாலிலும் அனுப்புங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். சொற்கள் ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்:

"என் கணக்கை மூடிய முடிவை மறுபரிசீலனை செய்யுமாறும், எந்த விதியை எந்தத் தேதியில் மீறினேன் என்பதைத் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். அந்த முடிவு எதுவானாலும், கீழே சீரியல் எண் குறிப்பிட்டுள்ள நான்கு சாதனங்கள் நான் முழு விலை கொடுத்து வாங்கியவை. அவற்றை என் கணக்கிலிருந்து விடுவித்து, வேறு கணக்கில் பதிவு செய்ய அனுமதிக்க வேண்டும். இயலாது என்றால் அவற்றை ஏற்றுக்கொண்டு விலையைத் திருப்பித் தர வேண்டும். வாங்கிய 140 புத்தகங்களைப் படிக்கும் வழியோ, அவற்றின் விலையோ தர வேண்டும். பரிசு அட்டையில் மீதியுள்ள தொகை, நிலுவையில் உள்ள ரீஃபண்ட், கேமரா பதிவுகள், புத்தகங்களில் உள்ள குறிப்புகள் ஆகியவற்றையும் அனுப்ப வேண்டும். 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் எதிர்பார்க்கிறேன்."

"அந்த முடிவு எதுவானாலும்" என்ற மூன்று வார்த்தையை விட்டுவிடாதீர்கள். கணக்கைத் தர மறுத்தாலும், பொருளைப் பற்றித் தனியாக ஒரு பதில் சொல்லியே ஆக வேண்டிய நிலைக்கு நிறுவனத்தைக் கொண்டுவருவது அதுதான். பார்வை குறைந்த ஒருவர் இந்தச் சாதனங்களை நம்பி இருக்கிறார் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். இரக்கத்துக்காகக் கேட்பதாக நினைக்க வேண்டாம். பாதிப்பு என்ன என்பது பின்னால் இழப்பீடு கேட்கும்போது தேவைப்படும் உண்மை.

இதோடு இன்னொரு கடிதத்தையும் தனியாக அனுப்புங்கள்: உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் தகவல்களின் நகல் வேண்டும் என்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகள்படி, பொதுவாக ஒரு மாதத்துக்குள் இதைக் கொடுத்தாக வேண்டும். இதைப் போன்ற உரிமை வேறு பல நாடுகளிலும் உண்டு. கணக்கு மூடப்பட்டிருந்தாலும் தகவல் அவர்களிடம் இருக்கும் வரை இதைக் கேட்கலாம். காரணம் சொல்ல மறுக்கும் நிறுவனத்தின் வாயிலிருந்து சில சமயம் இந்த வழியாகத்தான் காரணம் வெளியே வரும்.

30 நாளில் பதில் இல்லை, அல்லது அதே ஒற்றை வரி திரும்பி வருகிறது என்றால் நுகர்வோர் அமைப்புக்கோ மன்றத்துக்கோ போகலாம். அப்போதும் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்கைத் திறக்கச் சொல்லி உத்தரவு வருவது கடினம். சாதனத்தின் விலை, அதுவும் உபயோகித்த வருடங்களுக்குக் கழித்தது, புத்தகங்களின் விலை, ஓரளவு இழப்பீடு ஆகியவை நியாயமாக எதிர்பார்க்கக்கூடியவை. முன்பணம் அதிகமாகக் கேட்கும் வழக்கறிஞரை இந்தத் தொகைக்காக அமர்த்துவது கட்டுப்படியாகாது. பல இடங்களில் வழக்கறிஞர் இல்லாமலே நீங்களாக வாதாட முடியும்.

அதுவரை வீட்டில் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். பல இ-ரீடர்கள் கணக்கு இல்லாமலும் கேபிள் வழியாக ஏற்றும் கோப்புகளைத் திறக்கும். காப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூல்கள் இலவசமாக, சட்டப்படியே கிடைக்கின்றன. உங்கள் இ-ரீடரில் அது முடியும் என்றால் அம்மாவின் படிப்பு நிற்காது. ஸ்பீக்கரில் ஆடியோ கேபிள் செருகும் துளை இருந்தால், வெறும் ஸ்பீக்கராகவாவது ஓடுகிறதா பாருங்கள். வீட்டில் ஸ்மார்ட் பல்புகள் இருந்தால், அவை ஜிக்பீ அல்லது மேட்டர் (பல நிறுவனங்களின் சாதனங்களுக்கும் பொதுவான இணைப்பு முறைகள்) வகையா என்று பெட்டியில் பாருங்கள். அந்த வகை என்றால் வேறு நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக் கருவியோடு இணைத்துவிடலாம். கேமராவில் மெமரி கார்டு போடும் இடம் இல்லாமல் எல்லாம் சர்வருக்கே போவதாக இருந்தால், இப்போதைக்கு அதைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். விற்கவோ தூக்கிப் போடவோ வேண்டாம். உங்கள் வாசலின் பதிவுகள் இன்னும் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன, பொருளும் உங்கள் வழக்குக்குச் சாட்சி.

மாத்திரை விஷயத்தை மட்டும் கடிதப் பதிலுக்காகக் காத்திருக்க விடாதீர்கள். அம்மாவின் போனிலேயே நேரத்துக்கு ஒன்றாக அலாரம் வையுங்கள். ஒலிக்கு உங்கள் குரலில் "அம்மா, மாத்திரை" என்று பதிவு செய்து போடுங்கள். அதற்கு எந்தக் கணக்கும் தேவையில்லை. நிறுவனத்திடமிருந்து பதில் வந்ததும், அதில் உள்ள கணக்கு எண்ணை மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். அடுத்த கடிதத்தைச் சேர்ந்து எழுதுவோம்.